டிப்ஸ்டிக் கொண்டு என்ஜின் ஆயில் அளவைச் சரியாகப் பார்ப்பது எப்படி: கார், பைக், ஸ்கூட்டருக்கான முழுமையான வழிகாட்டி

ஒரே காரில் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு முறையும், மாலையில் ஓட்டி வந்து நிறுத்திய கையோடு ஒரு முறையும் டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் மட்டத்தைக் காட்டும் கம்பியை, உருவிப் பார்த்தால், இரண்டு அளவுகளும் பெரும்பாலும் ஒத்துப்போகா. இடைப்பட்ட நேரத்தில் ஆயில் குறைந்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. ஓடும் என்ஜினில் ஆயிலின் ஒரு பகுதி சிலிண்டர் ஹெட்டிலும், கேம்ஷாஃப்டைச் சுற்றியும், உள்ளே செல்லும் துளைவழிகளிலும் இருக்கும். என்ஜினை நிறுத்திய பிறகே அது சிறிது சிறிதாக அடியில் உள்ள சம்ப்புக்கு, அதாவது மெக்கானிக்குகள் ஆயில் சேம்பர் என்று சொல்லும் பகுதிக்கு, இறங்கி வரும். டிப்ஸ்டிக் காட்டுவதெல்லாம் அந்த நேரத்தில் அங்கே நிற்கும் ஆயிலின் மட்டத்தைத்தான். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பார்த்தால்தான் போன மாத அளவையும் இந்த மாத அளவையும் ஒப்பிட்டு ஏதேனும் ஒரு முடிவுக்கு வர முடியும்.

கையேட்டில் முதலில் பார்க்க வேண்டியவை

வண்டியோடு வந்த கையேட்டில் ஆயில் அளவு பார்க்கும் முறை அரைப் பக்கத்துக்கு மேல் இராது. அதில் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ஜின் சூடாக இருக்க வேண்டுமா குளிர்ந்திருக்க வேண்டுமா, நிறுத்திய பின் எத்தனை நிமிடம் பொறுக்க வேண்டும், எந்தத் தர ஆயிலை ஊற்ற வேண்டும். பெரும்பாலான கார்களில் என்ஜின் வழக்கமான சூட்டுக்கு வந்த பிறகு நிறுத்தி, சில நிமிடங்கள் பொறுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். பத்து நிமிடம் பொறுத்தால் எவ்விதக் கெடுதலும் இல்லை. அவசரப்பட்டு ஒரே நிமிடத்தில் உருவினால் அளவு குறைவாகத் தெரியும். பிஎம்டபிள்யூ, ஆடி போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. அவற்றில் சென்சார் தரும் அளவை டேஷ்போர்டு திரையில்தான் பார்க்க வேண்டும்.

கையேடு கைவசம் இல்லாதவர்கள் இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்கலாம். ஆயில் முழுவதும் இறங்கியிருக்கும், கை சுடாது, ஒவ்வொரு முறையும் நிலைமை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். என் பார்வையில் வீட்டில் பார்ப்பவருக்கு இதைவிட நம்பகமான நேரம் வேறில்லை. சூட்டில் ஆயில் விரிவடையும் என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்: வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஆயிலின் கொள்ளளவு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும். மூன்றரை லிட்டர் பிடிக்கும் என்ஜினில் இது 140 மில்லி லிட்டர் வரை வரும். ஒரு மாதம் சூட்டிலும் மறுமாதம் குளிரிலும் பார்ப்பவர், குறையாத ஆயிலைக் குறைந்ததாக எண்ணிவிடுவதற்கு இவ்வளவு வேறுபாடே போதும்.

இடம்

சமதளம் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நம் தெருக்களில் சமதளம் போலத் தெரியும் இடங்கள் பலவும் சமதளமாக இருப்பதில்லை. வீட்டு போர்ட்டிகோ தண்ணீர் வடிவதற்காக வாசலை நோக்கிச் சரித்துக் கட்டப்பட்டிருக்கும். தெருவோரத்தில் நிறுத்தினால் ஒரு பக்கச் சக்கரங்கள் சாலையிலும் மறுபக்கச் சக்கரங்கள் சாக்கடை மூடியின் மேலும் நிற்கும். சம்ப் அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பதால், சிறிய சரிவும் கம்பி இறங்கும் மூலையில் ஆயில் மட்டத்தைச் சில மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ விடும். இரண்டு கோடுகளுக்கு இடையிலுள்ள தூரமே பெரும்பாலும் இரண்டு விரற்கடைக்கு உட்பட்டது என்பதால், அந்தச் சில மில்லிமீட்டர் பெரிய பிழையாகும். தளம் சரிவுதானா என்ற ஐயம் இருந்தால், வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமாக நிறுத்தி இன்னொரு முறை பாருங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றாக வந்தால் அந்த இடத்தை நம்பலாம். பிறகு எப்போதும் அதே இடத்தில் பாருங்கள்.

பார்க்கும் முறை

காரை கியரில்லாமல் நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியானால் பார்க் நிலையில் வையுங்கள். சாவியைக் கழற்றிவிட்டு பானெட்டைத் திறந்து, தாங்குகம்பி அதற்குரிய துளையில் சரியாக உட்கார்ந்திருப்பதை உறுதி செய்யுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி சில கார்களில் என்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுழலத் தொடங்கும். வேட்டி நுனி, துப்பட்டா, அடையாள அட்டையின் கயிறு போன்றவை அதன் பக்கம் தொங்கக் கூடாது.

டிப்ஸ்டிக்கின் கைப்பிடி பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில் வளையமாகவோ கொக்கியாகவோ இருக்கும். சில ஆட்டோமேட்டிக் கார்களில் கியர் பெட்டிக்கும் தனி டிப்ஸ்டிக் உண்டு. அவற்றில் பலவற்றை என்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும் என்பதால், முறை நேர் எதிரானது. எது எதற்குரியது என்று தெரியாமல் ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. டிப்ஸ்டிக் இறங்கும் குழாய் பல என்ஜின்களில், புகை வெளியேறும் சூடான குழாய்த்தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டியே செல்கிறது. சூடான என்ஜினில் புறங்கை அதன்மேல் படாமல் கவனமாகக் கைநீட்டுங்கள்.

முதல் முறை உருவும்போது கிடைக்கும் அளவைப் பொருட்படுத்த வேண்டாம். வண்டி ஓடும்போது தெறித்த ஆயில் கம்பியின் மேல்பகுதி வரை படிந்திருக்கும். கம்பியை முனையிலிருந்து கைப்பிடி வரை நன்றாகத் துடையுங்கள். ஒர்க்‌ஷாப்புகளில் இதற்குப் பனியன் வேஸ்ட் வைத்திருப்பார்கள்; அது ஆயிலை நன்கு உறிஞ்சினாலும் நூலிழை உதிர்க்கும், உதிர்ந்த இழை கம்பியோடு ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியோ கெட்டியான டிஷ்யூ தாளோ இதைவிட மேல்; வெள்ளையில் ஆயிலின் நிறமும் நன்றாகத் தெரியும்.

துடைத்த கம்பியைக் குழாயின் வளைவுக்கு இணங்கச் செருகி, கைப்பிடி அடிவரை அழுந்தி உட்காரும்படி தள்ளுங்கள். கால் அங்குலம் மேலே நின்றாலும் அளவு குறைவாகக் காட்டும். இரண்டு விநாடி கழித்து, குழாயின் சுவரில் உரசாமல் நேராக உருவுங்கள். உருவிய கம்பியை முனை கீழே இருக்கும்படியோ கிடைமட்டமாகவோ பிடிக்க வேண்டும். பலரும் வெளிச்சத்தில் காட்டுவதற்காக முனையை மேலே தூக்குகிறார்கள். உடனே ஆயில் கைப்பிடியை நோக்கி வழிந்து, இல்லாத அளவு இருப்பதுபோல் தோன்றும்.

இப்போது கம்பியின் இரண்டு பக்கங்களையும் பாருங்கள். குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் ஒரு பக்கத்தில் ஒழுங்கற்ற கீற்றாக மேலே ஏறியிருக்கலாம். கம்பியின் முழு அகலத்தையும் மூடியபடி ஆயில் தொடர்ச்சியாகப் படிந்திருக்கும் இடத்தின் மேல் விளிம்பே உண்மையான அளவு. இரு பக்கமும் வேறுபட்டால், தாழ்வாக உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக மாற்றிய ஆயில், அதிலும் 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில், கம்பியில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருக்கும். அப்போது கம்பியை மடித்த டிஷ்யூ தாளின்மேல் ஒருமுறை படுக்கவைத்து எடுத்தால், ஈரம் பரவிய இடத்தின் எல்லை தாளில் பதிந்துவிடும். அதைக் கம்பியின் கோடுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலும் ஆயிலின் பளபளப்பு எங்கே முடிகிறது என்று தெரியும். ஐயம் தீராவிட்டால் மறுபடியும் துடைத்துச் செருகி உருவுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை ஒரே அளவு வந்தால், அதையே கொள்ளலாம்.

கோடுகள் சொல்வது

கம்பியின் முனையருகே இரண்டு குறிகள் இருக்கும். சிலவற்றில் ‘மின்’, ‘மேக்ஸ்’ என்றும், சிலவற்றில் ‘எல்’, ‘எச்’ என்றும், சிலவற்றில் எழுத்தே இல்லாமல் இரண்டு துளைகளாகவோ வெட்டுகளாகவோ இருக்கும். இடைப்பட்ட பகுதி குறுக்குக் கோடுகளால் நிரப்பப்பட்டிருப்பதும் உண்டு. இந்த இரு குறிகளுக்கு இடையே எங்கே ஆயில் நின்றாலும் அது சரியான அளவே. மேல் கோட்டைத் தொடாவிட்டால் குறை என்று எண்ணி, மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. பாதிக்கு மேல், மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பதே நிம்மதியான அளவு.

பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையிலான ஆயில் ஏறக்குறைய 1 லிட்டர். சிறிய என்ஜின்களில் இன்னும் குறைவாக இருக்கும். ஆயில் கீழ்க்கோட்டில் நின்றால் என்ஜினில் ஆயிலே இல்லை என்று பொருளல்ல. ஆனால் மேட்டில் ஏறும்போதும், வளைவில் வேகமாகத் திரும்பும்போதும், சடன் பிரேக் போடும்போதும் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, பம்ப்பின் உறிஞ்சுவாய் காற்றை இழுக்கத் தொடங்கும். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் இது சமவெளியைவிட எளிதில் நேரும். என்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டின் பேரிங்குகளும், டர்போ உள்ள வண்டியில் டர்போவும் முதலில் அடிவாங்கும். கம்பியில் ஆயில் படவே இல்லை என்றால், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் முதலில் ஆயில் ஊற்ற வேண்டும்.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி டிப்ஸ்டிக்கைத் தொடாமல் இருப்பவர்களும் உண்டு. அந்த விளக்கு ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுவது. அளவு குறைந்து, அதனால் அழுத்தமும் விழுந்த பிறகே அது எரியும். ஓடும்போது எரிந்தால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்விடலாம் என்று ஓட்டினால் என்ஜின் சீஸ் ஆகும் வாய்ப்பு மிகுதி.

பைக், ஸ்கூட்டர்

இரு சக்கர வண்டிகளில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். பெரும்பாலான 100 முதல் 125 சிசி பைக்குகளில் மொத்த ஆயிலே ஏறக்குறைய 1 லிட்டர்தான். ஸ்கூட்டர்களில் அதற்கும் குறைவு. காரில் 200 மில்லி குறைந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பைக்கில் அது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

வண்டி சென்டர் ஸ்டாண்டில், சமதளத்தில் நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கம் சாய்வதால், ஆயில் மூடி வலப்பக்கம் உள்ள பைக்குகளில் ஆயில் விலகிச் சென்று அளவு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ஊற்றினால் அளவு மீறிவிடும். என்ஜினை மூன்று நிமிடம் போல ஐடிலில் ஓடவிட்டு நிறுத்தி, மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். பிறகு கம்பியோடு சேர்ந்த மூடியைத் திருகிக் கழற்றித் துடைத்து, மீண்டும் வைக்கும்போது திருகாமல், மரையின் மேல் உட்காரும்படி வைத்து எடுக்க வேண்டும். ஹீரோ ஸ்ப்ளெண்டர், ஹோண்டா ஆக்டிவா உள்ளிட்ட பல வண்டிகளில் இதுதான் முறை. திருகி உள்ளே இறக்கினால் கம்பி மரையின் நீளத்துக்கு ஆழமாகப் போய், குறைந்திருக்கும் ஆயிலையும் போதுமானதாகக் காட்டிவிடும். வேறு மாடல்களில் திருகிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம் என்பதால், இந்த ஒன்றை மட்டுமாவது கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ராயல் என்ஃபீல்டின் இப்போதைய 350 சிசி வண்டிகளில் கம்பிக்குப் பதில் என்ஜினின் பக்கவாட்டில், கீழ்ப்பகுதியில் கண்ணாடிச் சாளரம் உண்டு. வண்டியை நேராக நிமிர்த்திப் பிடித்து, ஆயில் மட்டம் இரண்டு குறிகளுக்கு இடையே நிற்கிறதா என்று பார்த்தால் போதும். பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி: அதில் ஆயில் தனி அறையில் இருக்கிறது. பல நாள் ஓடாமல் நின்றால் ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் சுழலும் பகுதிக்கு இறங்கிவிடும். கம்பி குறைவாகக் காட்டும். அதை நம்பி ஊற்றாமல், வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் அறைக்குத் திரும்பிய பிறகு பார்க்க வேண்டும்.

குறைந்திருந்தால் ஊற்றுவது

ஆயிலை ஊற்ற வேண்டியது ஆயில் கேன் படம் போட்ட மூடியைத் திறந்து. டிப்ஸ்டிக் இறங்கும் குழாயில் ஊற்றுவதில்லை. மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுத் திறங்கள். புனல் உள்ளே ஈரமும் தூசியும் இல்லாமல் இருக்க வேண்டும். காரானால் 200 மில்லி, பைக்கானால் 50 மில்லி ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடியும் பாருங்கள். பொறுமையிழந்து ஒரேயடியாக ஊற்றுவதே அளவு மீறுவதற்கு முதல் காரணம். எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சிந்தினால் துடைத்துவிடுங்கள். சூட்டில் அது புகையும், தீப்பற்றவும் கூடும்.

தரத்தைப் பொறுத்தவரை, கையேடு 5டபிள்யூ-30 என்று சொன்னால் அதையே ஊற்ற வேண்டும். கெட்டியான ஆயில்தான் நம் வெயிலுக்கு நல்லது என்ற ஆலோசனை பழைய என்ஜின்களின் காலத்தது. இன்றைய என்ஜின்களில் பேரிங் இடைவெளியும் ஆயில் பம்ப்பும் மெல்லிய ஆயிலுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அதே தரக்குறியீடுள்ள வேறு நிறுவனத்தின் ஆயிலைச் சிறிதளவு கலப்பதால் கெடுதல் இல்லை. ஆனால் கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றக் கூடாது. பைக்கின் கிளட்ச் தட்டுகள் என்ஜின் ஆயிலிலேயே நனைந்திருப்பதால், கார் ஆயிலில் உள்ள வழுக்குச் சேர்மானங்கள் கிளட்சை வழுக்கச் செய்யும். பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரநிலை) எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். கியரில்லாத ஸ்கூட்டர்களுக்கு எம்பி குறியுள்ள ஆயில் வருகிறது.

அளவு மீறியிருந்தால்

ஆயில் கூடுதலாக இருந்தால் என்ஜினுக்கு நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. மட்டம் உயர்ந்தால் சுழலும் கிராங்க்ஷாஃப்ட் ஆயிலில் அடித்து அதை நுரையாக்கும். நுரையில் காற்று கலந்திருப்பதால் அழுத்தம் விழும், சீல்கள் கசியும், ஆயில் காற்றுக் குழாய் வழியே என்ஜினுக்குள் சென்று எரிந்து நீலப்புகையாக வரும், புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் கெடும். மேல்கோட்டை ஓரிரு மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் பதற வேண்டாம். அதற்கு மேல் போனால் ஒர்க்‌ஷாப்பில் சொல்லிக் கூடுதல் ஆயிலை எடுத்துவிட வேண்டும். டிப்ஸ்டிக் குழாய் வழியே மெல்லிய டியூபை விட்டுக் கைப்பம்ப்பால் உறிஞ்சுவது வண்டியைத் தூக்காமல் செய்யக்கூடிய வழி.

இந்த மீறல் பெரும்பாலும் சர்வீஸ் முடிந்த அன்றே நடந்திருக்கும். மூன்றரை லிட்டர் டின்னைத் திறந்தால் முழுவதையும் கவிழ்த்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் வண்டியை ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து நீங்களே கம்பியை உருவிப் பாருங்கள். ஓடவிட வேண்டியது ஏனென்றால், புது ஆயில் ஃபில்டர் வெறுமையாக இருக்கும். அது நிரம்பிய பிறகே சம்ப்பின் உண்மையான அளவு தெரியும்.

யாரும் ஊற்றாமலே அளவு ஏறினால் அது குறைவதைவிடக் கவலைக்குரியது. வேறு ஏதோ ஒரு திரவம் ஆயிலில் கலக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்கப்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை எரிப்பதற்காக என்ஜின் அவ்வப்போது கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும். நகர நெரிசலில் சிறு தூரம் மட்டுமே ஓட்டும் வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்று, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் சேரும். ஆயில் நீர்த்துப்போகும், கம்பியில் மட்டம் ஏறும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். இத்தகைய வண்டிக்கு ஆயிலை முன்கூட்டியே மாற்றுவதும், இடையிடையே நெடுஞ்சாலையில் நிற்காமல் அரை மணி நேரம் ஓட்டுவதும் அவசியம்.

நிறமும் தண்ணீரும்

டீசல் என்ஜினில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பெட்ரோல் வண்டியிலும் நிறத்தை மட்டும் வைத்து ஆயில் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. கருத்தில் கொள்ள வேண்டியது பால் கலந்த காபியைப் போன்ற நிறம். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில் சிறு தூரமே ஓடும் வண்டியின் ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் இந்தக் குழைவு சிறிது தெரிந்தால், ஈரக்காற்று குளிர்ந்து படிந்ததாக இருக்கலாம். கம்பியில் உள்ள ஆயிலே அப்படி இருந்தால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட் என்ற அடைப்பு வழியே கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலக்கிறது என்று ஐயப்பட வேண்டும். கூலன்ட் அளவும் குறைந்திருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழைப்பதே முறை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் நீரில் நின்ற கார்கள் எண்ணற்றவை. அப்படி நின்ற வண்டியில் நீர் வடிந்ததும் சாவியைப் போடக் கூடாது. முதலில் டிப்ஸ்டிக்கை உருவுங்கள்: மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கம்பியில் நீர்த்துளிகள் முத்து முத்தாக நின்றாலோ, சம்ப்பில் தண்ணீர் புகுந்துவிட்டது. கம்பி சரியாகத் தெரிந்தாலும் ஏர் ஃபில்டர் வழியே சிலிண்டருக்குள் நீர் போயிருக்கலாம் என்பதால், பார்த்துச் சொல்லும்வரை வண்டியை டோ செய்தே கொண்டுசெல்ல வேண்டும்.

குறித்துவைக்கும் கணக்கு

1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறையும், நெடும்பயணத்துக்கு முந்தைய நாளும் பார்ப்பது போதும். பழைய வண்டியானால் பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். தேதி, ஓடோமீட்டர், கம்பியில் நின்ற இடம், ஊற்றிய அளவு ஆகிய நான்கையும் செல்போனில் குறித்துவையுங்கள். மேல்கோட்டில் தொடங்கிய ஆயில் 5,000 கிலோமீட்டரில் இரு கோடுகளுக்கும் நடுவே வந்து நின்றால், ஏறக்குறைய அரை லிட்டர் செலவாகியிருக்கிறது, அதாவது 1,000 கிலோமீட்டருக்கு 100 மில்லி. இது கவலைப்படும் அளவல்ல. சில நிறுவனங்களின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரைகூட ஏற்கத்தக்கது என்கின்றன. அந்த எல்லை மிகத் தாராளமானது என்பதே என் கருத்து. 1,000 கிலோமீட்டருக்கு 300 மில்லியைத் தாண்டினாலோ, இதுவரை 100 மில்லி குடித்த வண்டி திடீரென இரு மடங்கு குடிக்கத் தொடங்கினாலோ, நிறுத்திய இடத்தில் தரையில் சொட்டு இருக்கிறதா, காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்தக் குறிப்புகளோடு மெக்கானிக்கிடம் செல்லுங்கள். சொட்டு இருந்தால் சீல் அல்லது கேஸ்கட் கசிவு. ஸ்டார்ட் செய்ததும் மட்டும் புகை வந்து பிறகு நின்றால் வால்வு சீல். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் புகைந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம் என்ற வரிசையில் அவர் தேடத் தொடங்குவார்.